பேசியவர் என்ற கட்டம்

ராய்னா கால்செவாவை எங்கள் நிறுவனத்தில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, நல்ல மனுஷி ஒருத்திக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து கெடுதல் செய்துவிட்டோம் என்று நினைக்கத் தோன்றும். கெடுதல் செய்தது உண்மை. நல்ல மனுஷி என்பதற்குத்தான் சாட்சி கிடைக்காது.

ரூசே நகரத்தில், தன்யூப் ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி, குழந்தைகளின் மனத்தையும் வளர்ச்சிக் குறைபாடுகளையும் ஆராய்கிற நிறுவனம் எங்களுடையது. மூன்றாம் மாடியில் கடைசி அறை கால்செவாவுக்கு. இருபத்தாறு வருஷமாக அதே அறை, அதே இரும்பு அலமாரி. விளையாட்டு வாத்தியார் மாதிரி கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். அவரவர் பெயர் கொண்ட புனிதரின் நாளைப் பெயர்நாள் என்று நாங்கள் கொண்டாடுவோம்; யாருடைய பெயர்நாளுக்கும் வரமாட்டார். யாருக்காவது பதவி உயர்ந்தால், வீட்டில் குழந்தை பிறந்தால், பழைய காரை விற்றுக் கொஞ்சம் குறைவாகப் பழைய கார் வாங்கினால், சாக்லேட் டப்பாவைத் திறந்து அறை அறையாகக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். நீட்டியதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வாழ்த்துச் சொல்லவேண்டும். கால்செவா சாக்லேட்டை எடுப்பார். தாளைப் பிரித்து, நான்காக மடித்து, குப்பைக்கூடையில் போடுவார். வாழ்த்தமாட்டார்.

குழந்தைகளோடு வருகிற அம்மாக்கள் அவருக்கு வைத்த பெயர் ஐஸ்பெட்டி. குறைபாட்டைச் சொல்ல மற்றவர்கள் அறைக்குள் கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, சுற்றி வளைப்பார்கள். கால்செவா நடைக்கூடத்தில் நின்றுகொண்டே சொல்லிவிடுவார். பையனுக்கு ஆறு வயது, பேச்சு ஒரு வயதுக் குழந்தையுடையது, பள்ளிக்கூடம் போகும்போது இரண்டு வயதாகலாம், ஆகாமலும் போகலாம், அடுத்தவர் வரலாம். ஒரு தடவை ஒரு தகப்பன் அவர்மேல் தொப்பியை வீசினான். அதை எடுத்துத் தூசி தட்டி அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, அடுத்த குழந்தையின் பெயரைக் கூப்பிட்டார்.

அவர் வளர்ந்தது அரசுக் குழந்தைகள் இல்லம் ஒன்றில். ஐந்து மாதக் குழந்தையாக உள்ளே போனவர் பதினெட்டு வயதில் ஒரு அட்டைப்பெட்டியோடு வெளியே வந்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அலுவலகக் கோப்பில் இருந்ததால் எல்லோருக்கும் தெரியும். தலைநகர் சோஃபியாவில் குறைபாட்டியல் படித்தார். எழுபத்தொன்பதில் அவர் செய்த முதல் ஆராய்ச்சி, இல்லங்களில் வளரும் குழந்தைகள் கட்டிலில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுவதைப் பற்றியது. மூன்று இல்லங்கள், நாற்பத்து நான்கு குழந்தைகள். யார் நிமிஷத்துக்கு எத்தனை தடவை ஆடுகிறது, கதவு திறந்தால் கூடுகிறதா குறைகிறதா, எல்லாவற்றையும் எண்ணினார். மேலே அனுப்பிய அறிக்கை திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: ‘நம் இல்லங்களில் குழந்தைகள் ஆடுவதில்லை.’ பத்து வருஷம் அது அலமாரியில் கிடந்தது. ஆட்சி மாறி, அலமாரியைத் திறக்கலாம் என்று ஆனபோது, வெளிநாட்டுக்காரர்கள் வந்து அதே இல்லங்களைப் படமெடுத்து உலகத்துக்கே காட்டிவிட்டிருந்தார்கள். நிமிஷத்துக்கு எத்தனை தடவை என்று கேட்க ஆளில்லை.

எண்ணுவது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வேலை. தவறாக எண்ணமாட்டார் என்பதை மட்டும் எங்களில் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

எங்கள் இயக்குநர் பேராசிரியர் ஸ்டாமென் கரகாஷெவின் பெயர் ஊருக்குத் தெரிந்தது கண்ணாடி முறையால். பேசாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பெரிய கண்ணாடி முன்னால் உட்காரவேண்டும். தினமும் அரைமணி நேரம், கண்ணாடியில் தெரிகிற குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும். அவ்வளவுதான். தொண்ணூற்றைந்தில் இருபத்தாறு குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். தொடங்குமுன் ஒரு மாதம், ஆறு மாதம் கழித்து இன்னொரு மாதம், நர்ஸ்கள் வீடு வீடாகப் போய், அரைமணி நேரம் காதில் விழுகிற பேச்சையெல்லாம் நோட்டில் எழுதவேண்டும். டேப் ரிக்கார்டர் வாங்க வழியில்லாத காலம். நோட்டில் மூன்று கட்டங்கள்: மணி, பேசியவர், பேச்சு. பேசியது அம்மா என்றால் ‘அ’, குழந்தை என்றால் ‘கு’.

முதல் சுற்றில் நர்ஸ்கள் ஒழுங்காக நிரப்பினார்கள். இரண்டாம் சுற்று குளிர்காலத்தில் வந்தது. சம்பளம் மூன்று மாதமாக வரவில்லை, ரொட்டிக்கு வரிசை, டிராலிபஸ் வந்தால் வந்தது. பேச்சை மட்டும் அவசரமாகக் கிறுக்கிவிட்டு, பேசியவர் கட்டத்தைப் பக்கம் பக்கமாக வெறுமையாக விட்டுவிட்டார்கள். நோட்டுகளைக் கணினியில் ஏற்றும்போது அது வெற்றுக் கட்டத்தை வாங்க மறுத்தது. அதற்காகக் கால்செவா சில விதிகள் எழுதினார். அதில் ஒன்பதாவது விதி இது: கட்டம் வெறுமையாக இருந்து, பேச்சில் ‘அம்மா’ என்று கூப்பிடுவது இருந்தால், பேசியது குழந்தை.

படித்தபோது யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. அம்மா என்று கூப்பிடுவது குழந்தைதானே. ஆராய்ச்சிக் குழுவில் பதினோரு பேர். பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டோம். நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கடைசிக் கையெழுத்து என்னுடையது.

கண்ணாடி முன்னால் ஆறு மாதம் உட்கார்ந்த குழந்தைகளின் பேச்சு நான்கு மடங்கு கூடியிருந்தது என்று கணினி சொன்னது. கட்டுரை வந்தது. பிறகு அம்மாக்களுக்காக நீல அட்டை போட்ட சிறு புத்தகம் ஒன்று, குழந்தைகள் பேசிய வாக்கியங்களோடு; பெயருக்குப் பதில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு எண். இரண்டாம் பதிப்பும் வந்தது. கண்ணாடியே போதும் என்றால் பேச்சுப் பயிற்சியாளர் எதற்கு என்று நகராட்சி யோசித்தது. இரண்டாயிரத்து ஒன்றில், பேசுவதாகப் பதிவான குழந்தைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் கிடைத்துக்கொண்டிருந்த பயிற்சியை நிறுத்தியது. அடுத்த வருஷம் மார்ச்சில் கால்செவாவின் இணைப்பேராசிரியர் பட்டம் எங்கள் குழுவின் முன் வரவேண்டும் என்று முடிவானது. பதினோரு வருஷமாகத் தள்ளிப்போன பட்டம். அதற்கு அவர் காட்டிய முக்கியமான வேலை இந்தக் கட்டுரை. சாக்லேட் டப்பாவைக்கூட முன்கூட்டியே வாங்கி அலமாரிமேல் வைத்திருந்தார். இந்தத் தடவையாவது அதை ஐஸ்பெட்டி திறக்குமா என்று துணை இயக்குநர் மெத்தோடி ஷிஷ்கோவ் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

ஸ்டோயங்கா வந்தது பிப்ரவரியில். டிராலிபஸ் கண்டக்டர். பணப்பையைக் கழற்றாமலே வந்திருந்தாள். ஒரு கையில் நீல அட்டைப் புத்தகம், இன்னொரு கையில் பத்து வயதுப் பெண். அந்தப் பெண் கலினா. நடைக்கூடச் சுவரில் பாதி உயரத்தோடு எண்ணெய்ப் பூச்சு முடிகிற கோட்டில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே நடந்தாள். கோடு கதவில் அறுந்ததும் நின்றுவிட்டாள்.

பதினேழாம் எண் குழந்தை யார் என்று ஸ்டோயங்கா கேட்டாள். எண்கள் ரகசியம், சொல்வதற்கில்லை என்றார் கால்செவா.

“ரகசியமாம். வீட்டுக்கு வந்த நர்ஸு எப்பவோ சொல்லிட்டா. இதோ நிக்கறா பாருங்க உங்க பதினேழு. இவளுக்குப் பேச்சு வந்திருச்சுன்னு நகராட்சியில பயிற்சிய நிறுத்திட்டாங்க. என்ன பேசினாங்கறது இதுல இருக்கு. படிங்க மேடம். எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க.”

கால்செவா வாங்கிப் படித்தார். சோதனைக்கு வரும் குழந்தைகளுக்கு வாக்கியம் படித்துக்காட்டுகிற அதே தட்டையான குரலில்: “சூடா இருக்கும்மா, ஊதிச் சாப்பிடும்மா. பயப்படாதம்மா, காத்துதான். கையக் குடும்மா, தெருவத் தாண்டணும்.”

நாங்கள் கதவுகளைத் திறந்துகொண்டு நின்றோம்.

“என்ன அழகா பேசறா, பாத்தீங்களா. பத்து வயசாச்சு, இன்னைய வரைக்கும் வாயத் தொறந்து ஒரு வார்த்த கெடையாது. இவ எனக்கு ஊதிச் சாப்பிடும்மான்னு சொன்னாளாம். தெருவத் தாண்டறதுக்கு இவ என் கையப் புடிச்சாளாம். இது நாஞ்சொன்னது மேடம். என் வீட்டு அடுப்படியில நின்னுக்கிட்டு இவகிட்ட நாஞ்சொன்னது.”

கால்செவா புத்தகத்தை மூடவில்லை. அந்த மூன்று வரிகளையும் இன்னொரு தடவை உதடு மட்டும் அசையப் படித்தார். பிறகு கேட்டார்: “உங்க பொண்ண நீங்க அம்மான்னா கூப்பிடறீங்க?”

“வேற எப்படிக் கூப்பிடுவாங்க? எந்த ஊர்ல இருந்து வர்றீங்க நீங்க? உங்கள உங்கம்மா எப்படிக் கூப்பிட்டாங்க?”

நடைக்கூடத்தில் நின்ற எங்களுக்கு அந்தக் கோப்பு தெரியும். எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

எங்கள் ஊரில் அம்மா பிள்ளையை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். அப்பாவுக்குப் பிள்ளை அப்பா. அத்தை மருமகனைக்கூட, இங்கே வா அத்தை, என்பாள். கொஞ்சலுக்கு அப்படித்தான். தெருவில், டிராலிபஸ்ஸில், சந்தையில் நாள் முழுக்கக் காதில் விழுவது. ஆனால் விதி எழுத உட்கார்கிறபோது காதில் விழுந்தது நினைவுக்கு வருவதில்லை. அவரவர் வாய்க்குப் பழகியதுதான் வருகிறது.

அன்றைக்குச் சாயங்காலமே கால்செவா அடித்தளத்துக்குப் போய் நோட்டுக் கட்டுகளைத் தூசியோடு மேலே கொண்டுவந்தார். மூன்று வாரம் அறைக்கதவு சாத்தியிருந்தது. கட்டம் வெறுமையாக இருந்த வரிகளையெல்லாம் எடுத்துவிட்டு, நர்ஸ் தன் கையால் ‘கு’ என்று எழுதியதை மட்டும் எண்ணினார். கண்ணாடிக்கு முன்பு, அரைமணி நேரத்துக்கு மூன்று சொல். ஆறு மாதம் கண்ணாடி பார்த்த பிறகு, மூன்று சொல். பதினேழாம் எண்ணுக்கு இரண்டு சுற்றிலும் ஒன்றுமில்லை. அதை நான்கு மடங்காக்கிய மீதிப் பேச்சு அம்மாக்களுடையது.

மார்ச்சில் குழு கூடியது. அவருடைய பட்டம்தான் பேச்சு. முதல் ஆளாகக் கால்செவா எழுந்து, பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், புதுக் கணக்கைப் படித்தார். கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும், பயிற்சி நேரத்தைத் திருப்பித் தரச் சொல்லி நகராட்சிக்கு எழுதவேண்டும் என்றார். உட்கார்ந்துவிட்டார்.

பேராசிரியர் கரகாஷெவ் கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்படமாட்டார். சோடாத் தண்ணீரை ஊற்றி, குமிழி அடங்குகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். எந்த அறிவியலிலும் கைத்தவறு உண்டு, அதற்காக முறையையே சந்தேகப்படக் கூடாது, வெற்று வரிகளில் சில குழந்தை பேசியவையாகவும் இருக்கலாமே என்றார். எத்தனை என்று கால்செவா கேட்டார். அவருக்குப் பதில் மெத்தோடியிடமிருந்து வந்தது.

“விதி ஒம்பது யாரு எழுதினது, கால்செவா?”

“நான்.”

“அப்புறம் எங்கள எதுக்கு இழுக்கறீங்க?”

“கீழ உங்க கையெழுத்து இருக்கு.”

“உங்கள நம்பிப் போட்டோம். எந்த வீட்டுலயும் அம்மா புள்ளைய அம்மான்னுதான் கூப்பிடுவா. ஒரு வீடுன்னு ஒண்ணுல வளந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

யாரோ பேனாவை மூடினார்கள். கால்செவா மெத்தோடியைப் பார்க்கவில்லை. மேஜையைச் சுற்றி ஒவ்வொருவராக, சோதனை அறையில் குழந்தைகளைப் பார்ப்பதுபோல, ஒரே அளவு நேரம் பார்த்துக்கொண்டு வந்தார்.

“சரி. எனக்குத் தெரியாது,” என்றார். “உங்களுக்குத் தெரியுமே. ஏன் சொல்லல?”

நாங்கள் பதினோரு பேர். பத்துப் பேருக்கு அம்மா இருந்தாள். என் அம்மா முதல்நாள் இரவுகூடத் தொலைபேசியில், சாப்பிட்டியாம்மா என்று கேட்டிருந்தாள். நான் சோடாக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரகாஷெவ் இதற்குள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். பதினேழாம் குழந்தை ஒரு விதிவிலக்கு, அதன் பதிவில் மட்டும் பிழை நேர்ந்துவிட்டது என்று நகராட்சிக்கு ஒரு கடிதம் போகும். அந்தப் பெண்ணுக்கு வாரம் இரண்டு மணி நேரம் திரும்பக் கிடைக்கும். கட்டுரை அப்படியே இருக்கும். பட்டம் அடுத்த வாரம் வாக்கெடுப்புக்கு வரும், அதில் சிக்கல் இருக்காது. கணக்கெடுத்தவர் என்ற முறையில் கால்செவா அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். ஏற்கிறவர்கள் கை தூக்கலாம். பத்துக் கை உயர்ந்தது. என் கை மெதுவாகத்தான் உயர்ந்தது. மெதுவாக உயர்ந்தாலும் எண்ணிக்கையில் ஒன்றுதான்.

கால்செவா தலையை மேலும் கீழும் அசைத்தார். எங்கள் ஊரில் அது மாட்டேன் என்று அர்த்தம்.

ஸ்டோயங்கா கீழே படிக்கட்டில் காத்திருந்தாள். கடிதத்தைப் பற்றி மெத்தோடி அதற்குள் அவளுக்குச் சொல்லியனுப்பியிருந்தார், யார் மறுக்கிறார் என்பதையும் சேர்த்து. கால்செவா இறங்கி வந்தபோது வழியை மறித்தாள்.

“கையெழுத்துப் போட்டா என் பொண்ணுக்கு ரெண்டு மணி நேரம் கெடைக்குமா, கெடைக்காதா?”

“கிடைக்கும்.”

“அப்ப போடுங்க.”

“உங்க பொண்ணு விதிவிலக்கு இல்ல. இருபத்தாறும் அப்படித்தான்.”

“மத்த இருபத்தஞ்சுக்கும் அம்மா இருக்கா. அவங்க வந்து கத்திக்கட்டும். நான் எம்பொண்ணுக்காகத்தான் வந்தேன்.”

“பொய்னு தெரிஞ்சு போடமாட்டேன்.”

“அன்னிக்குப் போட்டீங்கல்ல.”

“அப்ப தெரியாது.”

ஸ்டோயங்கா படியில் துப்பினாள். “நீங்க யோக்கியமா இருக்கறதுக்கு எம்பொண்ணு வாய்தான் கெடைச்சுதா மேடம்?”

கால்செவா எச்சிலைத் தாண்டிக் காலை வைத்து இறங்கிப் போனார். அன்றிரவே நகராட்சிக்குத் தன் பெயரில் தானே ஒரு கடிதம் எழுதினார். விதி ஒன்பது தவறு, எழுதியது நான், இருபத்தாறு குழந்தைகளின் கணக்கும் செல்லாது. கட்டுரை வந்த இதழுக்கும் ஒரு பிரதி.

நகராட்சி அவசரப்படவில்லை. வசந்தம் போயிற்று, கோடை போயிற்று. ஒரு குழந்தைக்கும் பயிற்சி திரும்பவில்லை. கலினா அந்தக் கோடையில் தன் மணிக்கட்டைத் தானே கடிக்க ஆரம்பித்தாள். இது எங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும் என்றால், கால்செவா ஏறுகிற டிராலிபஸ்ஸும் ஸ்டோயங்காவின் டிராலிபஸ்ஸும் ஒன்று. அவர் ஏறியதும் ஸ்டோயங்கா டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பிப்பாள். நேத்து எடது கை. இன்னிக்கு வலது கை. ரத்தம் வந்துச்சு மேடம், எழுதிக்கிட்டீங்களா. இறங்குமிடம் வரும்வரை விடமாட்டாள். இரண்டு தெரு நடந்தால் வேறு தடத்தில் வேறு பஸ் கிடைக்கும். கால்செவா மாறவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார். மாறாமலிருந்தது திமிர் என்று மெத்தோடி சொன்னார். நான் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

ஜூன் கடைசியில் எங்கள் நிறுவனத்தின் அமைப்பு மாற்றப்பட்டது. புது அமைப்பில் மூன்றாம் மாடியின் கடைசி அறை இல்லை. பட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வேலையின் கடைசி நாள் மத்தியானம் கால்செவா அலமாரிமேல் இருந்த சாக்லேட் டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து, முதல் அறையிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு மேஜை முன்னாலும் நின்று, டப்பாவை நீட்டிக் காத்திருந்தார். எடுத்தால் வாழ்த்தவேண்டும், எடுக்காவிட்டால் மரியாதையில்லை. மெத்தோடி எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை கால்செவா அங்கேயே நின்றார். நான்கு நிமிஷம். ஸ்டாப்வாட்ச் ஓடியதா என்று தெரியவில்லை. திரும்பி வந்த மெத்தோடி ஒன்றை எடுத்து வாயில் போட்டார். சாக்லேட் பழையதாகி மேலே வெள்ளை பூத்திருந்தது. என் முறை வந்தபோது எடுத்தேன். பழக்கதோஷத்தில் என் வாயிலிருந்து வாழ்த்துகள் என்ற சொல் வந்துவிட்டது.

“நன்றி,” என்றார் கால்செவா. இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் அவர் சொல்லி யாரும் கேட்டிராத சொல்.

அக்டோபரில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. எங்களுக்கு இல்லை, அம்மாக்களுக்கு. வாரம் இரண்டு மணி நேரம் எல்லாக் குழந்தைகளுக்கும் திரும்பக் கிடைக்கும். ஆனால் பயிற்சியாளர்கள் அதற்குள் கலைந்துவிட்டிருந்தார்கள். ஒருத்தி சைப்ரஸில் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறாள், ஒருத்தி மருந்துக்கடையில், ஒருத்தி கல்யாணமாகி ஜெர்மனியில். வேலைக்கு விண்ணப்பம் போட்டது ஒரே ஒரு ஆள். பழைய சலவைக்கூடத்தின் அடித்தளத்தில் அவருக்கு ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் கொடுத்தார்கள்.

முதல் நாள் ஸ்டோயங்கா கதவைத் திறந்து, யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து, அங்கேயே நின்றுவிட்டாளாம். உங்களத் தவிர ஊர்ல வேற ஆளே இல்லையா என்று கேட்டாளாம். இல்லை என்றாராம் கால்செவா. ஆள் வந்தா அன்னைக்கே மாத்திக்குவேன் என்றாளாம். மாத்திக்குங்க என்றாராம். பிறகு ஸ்டோயங்கா கதவோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பணப்பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தாள். ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டிருந்தாள். மணி, பேசியவர், பேச்சு. இனிமேல் யார் பேசியது என்று நானே எழுதுவேன் என்றாள். கால்செவா நோட்டை வாங்கிப் பார்த்து, கட்டங்கள் சரியாக இருப்பதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் மே மாதம் நான் அங்கே போனேன். நிறுவனத்தின் அடித்தளத்தைக் காலி செய்தார்கள். பழைய நர்ஸ் நோட்டுகளை எரிக்கச் சொன்னார்கள். எரிக்க மனம் வராமல் இரண்டு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் கால்செவா பையை வைக்க மூலையைக் காட்டினார். உட்காரச் சொல்லவில்லை. அறையில் சோப்பு வாசனை இன்னும் இருந்தது. கலினாவின் இரண்டு மணிக்கட்டிலும் கம்பளிப் பட்டை. மேஜைமேல் ஒரு தகரக் குவளை, ஒரு பந்து, ஒரு பொம்மைக் காலணி. கால்செவா ஒவ்வொன்றாகக் காட்டி, பெயர் சொல்லி, பத்து வினாடி காத்திருந்தார். பந்து. பத்து வினாடி. காலணி. பத்து வினாடி. இதையே அரைமணி நேரம். ஏழு மாதமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

குவளையை நீட்டினார். அதில் ஒன்றுமில்லை. கலினா குவளையைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி, உதட்டைக் குவித்து, குவளைக்குள் ஊதினாள். ஊதலுக்குப் பின்னால் கொஞ்சம் குரலும் இருந்தது. ஃபூ.

ஸ்டோயங்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். “சொல்லிட்டா.”

“ஊதினா,” என்றார் கால்செவா.

“குவளைல ஒண்ணுமில்ல. காலிக் குவளைய யாராவது ஊதுவாங்களா? சூடுங்கறா. ஊதணும்ங்கறா. நான் சொல்லிக் குடுத்தது. எழுதுங்க.”

“அது சொல் இல்ல. இன்னொரு தடவ வந்தா பாக்கலாம்.”

“பத்து வருஷமாச்சு மேடம். இன்னொரு தடவன்னு எங்கிட்டயே சொல்றீங்க.”

“எழுதமாட்டேன்.”

ஸ்டோயங்கா தன் நோட்டைத் தொடைமேல் வைத்து, மணி பார்த்து, தானே எழுதினாள். அழுத்தி எழுதியதில் பேனா தாளைக் கிழித்தது. பேசியவர் கட்டத்தில் ‘கு’. அதற்கு முந்தைய பக்கங்களில் அந்த எழுத்தே இல்லை. எல்லாம் அவளுடைய ‘அ’வும், ஐஸ்பெட்டி கால்செவாவுக்கு அவள் போட்டிருந்த ‘ஐ’யும்தான். கால்செவா நோட்டை இழுத்து, பென்சிலை எடுத்து, ‘கு’வுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

“அத அழிங்க,” என்றாள் ஸ்டோயங்கா.

“நீங்க உங்களத அழிங்க.”

இருவரும் அழிக்கவில்லை. கால்செவா ஸ்டாப்வாட்ச்சைத் திரும்பப் பூஜ்யத்தில் வைத்து, குவளையை மறுபடி நீட்டினார்.